பிரிக்காத சாமிப் பொட்டலம்

விமானத்தில் நான் இதுவரை ஏறியதில்லை. ஏறுகிற எண்ணமும் இல்லை. ஆனால் பதினோரு வருடமாக என் வீட்டில் உலை கொதிப்பது விமானத்தால்தான். காரைக்குடியில், பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். வெளிநாட்டுக்குச் சாமான் அனுப்ப நினைக்கிறவர்களிடம் பெட்டியை வாங்கி, எடை போட்டு, காகிதங்களைத் தயார் செய்து, திருச்சி விமான நிலையத்தில் கொண்டு போய்ச் சேர்ப்பது எங்கள் தொழில். விமானம் எங்களுடையது இல்லை. பெட்டியும் எங்களுடையது இல்லை. நடுவில் நிற்கிறவர்கள் நாங்கள். நடுவில் நிற்கிறவர்களுக்குத்தான் அடி இரண்டு பக்கமும் விழும்.

ஆபீஸில் மூன்றே பேர். முதலாளி, அவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். வேன் ஓட்டுகிறவர். அப்புறம் நான். டைப் அடிக்கத்தான் சேர்ந்தேன். போகப்போக ஒவ்வொரு பெட்டியோடும் போகிற ஒரு தாளில் என் கையெழுத்து வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தத் தாளின் சாரம் இதுதான்: இந்தப் பெட்டியை நான் திறந்து பார்த்தேன், விமானத்துக்கு ஆபத்தான எதுவும் இதற்குள் இல்லை.

அந்தக் கையெழுத்துப் போடப் போயும் போயும் என்னைத் தேர்ந்தெடுத்தார்களே என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. பல்லி இருக்கிற அறைக்குள் போகமாட்டேன். குக்கர் விசில் வரும்வரை அடுப்படிக்கு வெளியே நிற்பேன். என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார், கேலிக்குக் குறைச்சலே கிடையாது. "ஊருல எல்லாரும் சும்மா பயப்படுறாக. நீ ஒருத்திதான் சர்டிபிகேட் வாங்கிப் பயப்படுற" என்பார்.

அந்த சர்டிபிகேட் வாங்கிய கதையைச் சொல்ல வேண்டும். ஆபத்தான சரக்கு பற்றிய பயிற்சி என்று அதற்குப் பெயர். அதில் தேறியவர் ஒருவராவது இல்லாமல் எங்களைப் போன்ற ஆபீஸ் நடத்த முடியாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் படித்துத் திரும்பப் பரீட்சை எழுத வேண்டும். முதல் தடவை அண்ணன் என்னைச் சென்னைக்கு அனுப்பியபோது எனக்கு முப்பத்தாறு வயது. வகுப்பில் இருந்த மற்றவர்கள் பெரிய பெரிய கம்பெனிப் பையன்கள், கழுத்தில் அடையாள அட்டை, வாயில் இங்கிலீஷ். நான் டிபன் பாக்ஸில் புளிச்சோறு கொண்டு போயிருந்தேன்.

பாடம் எடுத்தவள் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். சிரித்த முகம். அந்தச் சிரிப்போடே எரிந்துபோன விமானங்களின் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் போட்டாள். இது பேட்டரியால், இது தப்பாகக் கட்டிய ரசாயனக் கேனால் என்று சொல்லிக்கொண்டே போனாள். எனக்கு மத்தியானம் சோறு இறங்கவில்லை.

ஆனால் நெருப்பைவிட என்னைப் பிடித்து ஆட்டியது வேறொன்று. ஒரு அலுமினியத் துண்டைக் கீறி, அதன்மேல் ஒரு சொட்டுப் பாதரசம் விடுகிற வீடியோ. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த இடத்திலிருந்து வெள்ளை வெள்ளையாக ரோமம் போல ஏதோ முளைத்து மேலே வந்தது. வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அந்தத் துண்டை விரலால் தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. "விமானம் பெரும்பாலும் அலுமினியம். பாதரசம் சத்தம் போடாது, புகையாது. தரைக்கு அடியில் இறங்கி உட்கார்ந்து வாரக்கணக்கில் அரிக்கும். யாருக்கும் தெரியாது" என்றாள் அந்தப் பெண், அதே சிரித்த முகத்தோடு. அன்றைக்குத் தங்கியிருந்த லாட்ஜில் அலுமினியப் பக்கெட்டைப் பார்த்தேன், குளிக்கப் பிடிக்கவில்லை.

பரீட்சையில் முதல் நாள் தோற்றேன். தலையணை தடிமனில் இங்கிலீஷ் புத்தகம், அதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். எந்தப் பக்கத்தில் எது என்றே எனக்குப் பிடிபடவில்லை. கழிவறையில் போய் அழுதுவிட்டு, மறுநாள் திரும்ப எழுதித் தேறினேன். ஊருக்கு வந்ததும் அண்ணன் அந்த சர்டிபிகேட்டுக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார், பக்கத்தில் அவர் மாட்டியிருந்த முருகன் படத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்து.

அந்த வகுப்பில் சொன்ன ஒரு விஷயம் பொன் மாதிரி. ஆபத்தான பொருள் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், உலகத்தில் ஒருவரும் ஆமாம் என்று சொல்லமாட்டார்கள், பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள் என்றாள். எங்கள் ஊருக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று எனக்குத்தான் தெரியும். "உள்ள பலகாரம்தான்த்தா, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிக் கொண்டுவருவார்கள். திறந்தால் மாவுருண்டை டப்பாவுக்கும் சீப்புச்சீடை டப்பாவுக்கும் நடுவில் கேஸ் லைட்டர் படுத்திருக்கும். சேலை மடிப்பில் சென்ட் பாட்டில். பிள்ளையார்பட்டியில் வாங்கிய அர்ச்சனைப் பையில் கற்பூரம். எடுத்து வெளியே வைத்தால் கோபம் வேறு. "கற்பூரம் ஏத்துனா சாமி வரும், பிளேன் எதுக்குத்தா விழுகும்?" என்று ஒருவர் என்னோடு அரைமணி நேரம் வழக்காடியிருக்கிறார். நானும் விடமாட்டேன். எனக்கு வாய் நீளம், பயம் அதைவிட நீளம். லைட்டர் இருக்கா, தீப்பெட்டி இருக்கா, தைலம் இருக்கா, நெயில்பாலீஷ் இருக்கா, தெர்மாமீட்டர் இருக்கா என்று ஒரே மூச்சில் கேட்பேன். தெருவில் போனால் "தீப்பெட்டியக்கா போகுது" என்று சொல்வது காதில் விழும்.

இப்படி எல்லாவற்றையும் கிண்டிக் கிளறிப் பார்க்கிற நான், ஒன்றை மட்டும் பிரித்ததில்லை. சாமிப் பொட்டலம்.

நாங்கள் வேதக்காரர்கள். இந்தப் பக்கத்தில் கிறிஸ்தவர்களை அப்படித்தான் சொல்வார்கள், அதில் குத்தல் ஒன்றும் இல்லை. எங்களிடம் பெட்டி கொண்டுவருகிறவர்களில் பாதிப் பேருக்குமேல் செட்டியார் வீட்டுக்காரர்கள். கிரகப்பிரவேசம், பிள்ளைப்பேறு, கல்யாணம் என்று எது நடந்தாலும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பூஜைச் சாமான் போகும். சேர்ந்த புதிதில் ஒரு தடவை, பட்டுத்துணி சுற்றிக் கட்டியிருந்த ஒரு மூட்டையின் முடிச்சில் கை வைத்தேன். அந்த வீட்டு அம்மா பதறவும் இல்லை, திட்டவும் இல்லை. "நீங்க வேதக்காரவுகதானே? இருக்கட்டும், இருக்கட்டும்" என்று சொல்லி, மூட்டையை மெல்ல வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் குளித்து, சாமானையெல்லாம் திரும்பத் துலக்கி, புதுத் துணியில் கட்டிக் கொண்டுவந்தார். என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசிவிட்டு மறந்திருப்பேன். அந்தச் சிரிப்பு என்னைக் கூசவைத்துவிட்டது.

அதற்கப்புறம் சாமிப் பொட்டலம் என்று சொன்னால் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொள்வேன். வாயால் கேட்பேன், பிரிக்கமாட்டேன். அது மரியாதை என்று நினைத்தேன். அவர்களுக்கும் அது பிடித்திருந்தது. "அந்தப் பிள்ளைக்கு எது தெரியுதோ இல்லையோ, நம்ம சாமியத் தொடக்கூடாதுன்னு தெரியுது" என்று ஒரு ஆச்சி, செட்டியார் வீட்டு அம்மாக்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம், அண்ணனிடம் சொல்ல, அண்ணன் அதை என்னிடம் பெருமையாகச் சொன்னார். கேட்டு எனக்கும் குளிர்ந்துதான் போயிற்று.

இந்த வருடம் கோடையில் கீழச்சிவல்பட்டியிலிருந்து ஒரு ஆச்சி வந்தார். ஐம்பது வயது இருக்கும். மகன் சிங்கப்பூரில் சொந்தமாக வீடு வாங்கியிருந்தான். கிரகப்பிரவேசத்துக்கு ஆச்சி திருச்சியிலிருந்து போகிறார். கையோடு கொண்டுபோகிற அளவுக்கு மேல் சாமான் சேர்ந்துவிட்டதால் ஒரு பெட்டியை எங்களிடம் கொடுத்து, அதே விமானத்திலேயே சரக்காக அனுப்பச் சொன்னார். எவர்சில்வர் பாத்திரங்களைத் திறந்தேன், தட்டினேன், மூடினேன். சேலைகளை உதறினேன். கடைசியில் ஒரு மரப்பெட்டி, அதற்குள் சிவப்புப் பட்டில் சுற்றிய ஒரு பொட்டலம்.

"இது என்ன ஆச்சி?"

"சாமித்தா. விளக்கு, மணி, எங்க வீட்டு லிங்கம்."

"கற்பூரம், எண்ணெய் எதுவும் வச்சிருக்கீகளா?"

"இல்ல. அதெல்லாம் அங்குட்டே கிடைக்குதாம்."

"தெர்மாமீட்டர்?"

"காச்சல் பாக்குறதா? அது எதுக்குத்தா கிரகப்பிரவேசத்துக்கு?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மரப்பெட்டியை மூடினேன். தாளில் 'பித்தளைப் பூஜைச் சாமான்' என்று இங்கிலீஷில் அடித்தேன். கையெழுத்துப் போட்டேன். அன்று சாயங்காலமே வேன் திருச்சிக்குப் போய்விட்டது. ஸ்கேன் எந்திரத்துக்கு உள்ளே இருப்பது உலோகம் என்று தெரியும், அது என்ன உலோகம் என்பதற்கு என் தாள்தான் சாட்சி.

மறுநாள் மதியம் ஒரு மணி சுமாருக்கு ஆச்சி போன் பண்ணினார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"ஏத்தா, நான் ஏர்போட்டுல உள்ள வந்து உக்காந்துட்டேன். ரெண்டு மணிக்குக் கெளம்புமாம். என் பொட்டி இதுலதானே வருது?"

"இதுலதான் ஆச்சி."

"அதக் கவுக்காம வைக்கச் சொல்லியிருக்கீகளா? சொல்ல மறந்துட்டேன். அந்த லிங்கம் வெயில் காலத்துல வேர்க்கும்."

எனக்கு விளங்கவில்லை. "வேர்க்குமா?"

"ஆமாத்தா. ரசலிங்கம்ல. எங்க மாமனார் காலத்துல ஒரு சாமியார்கிட்டச் சொல்லிச் செஞ்சது. பாதரசத்தக் கட்டிச் செய்வாக. கோடை வந்துட்டா முத்து முத்தா வெளிய வரும். சாமிக்கே புழுங்குதுன்னு நாங்க விசிறி எடுத்து வீசுவோம். அந்த முத்தெல்லாம் துணியில உருண்டு ஓடிரக்கூடாதுல்ல, அதான் கேட்டேன்."

நான் என்ன பதில் சொன்னேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை. சரி ஆச்சி என்று சொல்லியிருக்கலாம். போனை வைத்தபோது விரலில் சாதம் ஒட்டியிருந்தது.   ரசலிங்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். எங்கள் வீட்டில் மாதா சுரூபம் உண்டு, அது களிமண். சாமியைப் பாதரசத்தில் செய்வார்கள் என்று எனக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? பிரித்துப் பார்த்திருந்தால் யாரும் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் உடனே போனை எடுக்கவில்லை. கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மூன்று தலைமுறையாக அவர்கள் வீட்டில் இருக்கிறது, யாருக்கு என்ன ஆயிற்று? பட்டுத்துணி இருக்கிறது, மரப்பெட்டி இருக்கிறது, அதற்கு மேல் அட்டைப்பெட்டி. நாலு மணி நேரப் பயணம். ஒன்றும் ஆகாது. இப்படி ஒவ்வொன்றாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த விமானத்தில் ஆச்சி உட்கார்ந்திருப்பார் என்பது மட்டும் இந்தக் கணக்கில் எங்கேயும் அடங்காமல் உறுத்திக்கொண்டே இருந்தது. சீட்டில் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் காலுக்குக் கீழேதான் அந்தப் பெட்டி.

அண்ணனிடம் சொன்னேன்.  அவர் கெட்ட மனிதர் இல்லை. கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒரு நிமிசம் யோசிம்மா. திறந்து பாக்காம கையெழுத்துப் போட்டேன்னு நீயே சொன்னா உன் சர்டிபிகேட் போகும். அது போனா நம்ம லைசென்ஸ் போகும். மூணு குடும்பம் இருக்கு."

"அண்ணே, அந்த ஆச்சி உள்ள இருக்காக."

"தெரியுதும்மா, தெரியுது" என்றார்.  வேண்டாம் என்று சொல்லவில்லை. போனை என் பக்கமாகத் தள்ளிவைத்தார். அதற்காகவே அவரை நான் எத்தனையோ விஷயங்களில் மன்னித்திருக்கிறேன்.

திருச்சியில் சரக்குக் கொட்டகைக்குப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. திரும்பப் போட்டேன். வேறு இணைப்பில் பேச்சு. மூன்றாவது தடவை ஒருவர் எடுத்தார். பெட்டி எண்ணைச் சொல்லி, இந்தப் பெட்டியை ஏற்றாதீர்கள் என்றேன்.

"ஏத்தியாச்சு மேடம். பயணிங்களும் ஏறிட்டிருக்காங்க."

"இறக்குங்க சார்."

"என்ன காரணம்?"

என் கண் சுவரில் மாட்டியிருந்த சர்டிபிகேட்டில் இருந்தது. "உள்ள பாதரசம் இருக்கு. கசியுற மாதிரி இருக்கு. நான் பிரிச்சுப் பார்க்காம கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றேன். அந்தப் பக்கம் அவர் யாரையோ பெயர் சொல்லிக் கத்திக் கூப்பிடுவது கேட்டது.

கையெழுத்துப் போட்டவர் நேரில் வர வேண்டும் என்றார்கள். அண்ணன் காரை எடுத்தார்.  என் மடியில் ஜெபமாலை இருந்தது, ஆனால் ஒரு ஜெபமும் முழுசாக வரவில்லை, பாதியிலேயே அறுந்து அறுந்து போயிற்று. இறக்குவதற்கு முன்னால் கதவை மூடிவிட்டால்? எண்ணைத் தப்பாகக் குறித்துக்கொண்டிருந்தால்? வானத்தில் ஏதாவது சத்தம் கேட்டால் கண்ணாடியை இறக்கிப் பார்த்தேன். புதுக்கோட்டைக்குக் கொஞ்சம் முன்னால் ஆச்சியிடமிருந்து போன் வந்தது.

"ஏத்தா, இங்க ஒரே கூத்தா இருக்கு. ஏறி உக்காந்த எங்கள எல்லாம் கீழ எறக்கிட்டாக. எந்தப் பாவியோ பொட்டியில வெசத்த வச்சு அனுப்பிட்டானாம். பேசிக்கிடுறாக. நல்ல வேளை பிடிச்சாக. எனக்குக் கை காலெல்லாம் வெடவெடங்குது."

சொல்லாமல் விட்டிருக்கலாம். எப்படியும் தெரியத்தான் போகிறது என்று தோன்றியது. "ஆச்சி, அது உங்க பொட்டிதான்" என்றேன். "பாதரசம் பிளேன்ல போகக்கூடாது ஆச்சி. நான் கேட்டிருக்கணும். என் தப்பு."

 பின்னால் ஒலிபெருக்கியில் யாரோ அறிவிப்புச் சொல்வது மட்டும் கேட்டது. "எங்க சாமியவா வெசம்னு சொல்லுறாக?" என்று கேட்டார். குரல் மிகவும் சின்னதாக இருந்தது. அப்புறம் போனை வைத்துவிட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெட்டி கொட்டகைக்கு வெளியே தனியாக, சிமெண்ட் தரையில், ஒரு பிளாஸ்டிக் விரிப்பின்மேல் இருந்தது. அதைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். பக்கத்தில் யாரும் இல்லை. முந்தின நாள் என் மேஜைமேல் இருந்த பெட்டிதான். அதைப் பார்த்தபோது எனக்கு ஒண்ணுக்கு முட்டியது.

அதிகாரி ஒருவர் முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு வந்தார். என்னை எட்ட நிற்கச் சொன்னார். அட்டையை அறுத்தார். பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மரப்பெட்டியைத் திறந்து, சிவப்புப் பட்டின் முடிச்சை அவிழ்த்தார். நான் தொடக்கூசிய முடிச்சு. அவர் யார், என்ன சாமி கும்பிடுகிறவர் என்று யாருக்குத் தெரியும்? இரண்டே நொடியில் அவிழ்த்துவிட்டார். உள்ளே விளக்குக்கும் மணிக்கும் நடுவில், வெள்ளி நிறத்தில், ஒரு சாண் உயரத்துக்கு, லிங்கம். அழகாகத்தான் இருந்தது. துணியின் மடிப்புகளில் கடுகளவும் மிளகளவுமாக முத்துகள் ஓடின. மரப்பெட்டியைத் தூக்கியதும் தெரிந்தது: அதன் மூட்டு வழியாக ஒழுகி, அட்டைப்பெட்டியின் அடிமூலையில் ஒரு சின்னக் கோலிக்குண்டு அளவு திரண்டு கிடந்தது. அட்டையின் அந்த மூலை லேசாகப் பிளந்திருந்தது. வெளியே வர இன்னும் ஒரு விரற்கடை தூரம்தான்.

அதிகாரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற அண்ணன் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. சாமியைக் கும்பிட்டாரா, அதிகாரியைக் கும்பிட்டாரா, தெரியாது.

விமானத்தின் வயிற்றை டார்ச் அடித்து முழுக்கத் தேடினார்கள். ஒரு சொட்டும் விழவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு, பொழுது சாய்கிற நேரத்தில் அதைக் கிளப்பினார்கள். ஆச்சி சாமியில்லாமல் கிரகப்பிரவேசத்துக்குப் போனார். சத்தம் தேய்ந்து மறையும்வரை நான் கொட்டகை வாசலில் கழுத்தை அண்ணாந்துகொண்டு நின்றேன். அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

பிறகு என்னை உள்ளே உட்காரவைத்து வாக்குமூலம் எழுதினார்கள். அந்த அதிகாரி கையுறையைக் கழற்றிவிட்டு, எனக்குத் தண்ணீர் கொடுத்தார். கோபமாகவே பேசவில்லை. "நீங்களா முன்வந்து சொன்னது பெரிய விஷயம் மேடம். அதையும் எழுதுறேன்" என்றார். எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், சாதாரணமாகக் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி இந்த மாதிரி பூஜைப் பொட்டலத்தைப் பிரிக்காம அனுப்பியிருக்கீங்களா?"

பதினோரு வருடம். எத்தனை கல்யாணம், எத்தனை கிரகப்பிரவேசம்! பட்டு, சிவப்புப் பட்டு, மஞ்சள் துணி, வாழைநாரில் கட்டியது. ஒன்றையும் பிரித்ததில்லை. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுது சிவந்த கண்ணோடு, முன்வந்து சொன்ன பெண்ணாக, தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இல்ல சார். இது ஒண்ணுதான்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

லைசென்ஸ் போகவில்லை, எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சர்டிபிகேட்டை மூன்று மாதம் நிறுத்திவைத்தார்கள், அதுவரை ஆபீஸில் பெட்டி எதுவும் வாங்கவில்லை. திரும்பச் சென்னைக்குப் போய்ப் படித்து எழுதினேன், இந்தத் தடவை முதல் நாளே தேறினேன். இப்போது யார் சாமியானாலும் பிரிக்கிறேன். முகம் சுளிக்கிறவர்களிடம், நீங்களே பிரித்துக் காட்டுங்கள், நான் தொடவில்லை என்கிறேன். இந்தச் சின்ன வழி பதினோரு வருடமாக என் மண்டையில் உதிக்கவில்லையே என்று அவ்வளவு ஆத்திரம் வருகிறது.

ஆச்சி இனி என் முகத்தில் விழிக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஊர் திரும்பி இரண்டு மாதம் கழித்து ஒருநாள் காலையில் படியேறி வந்தார். கையில் ஒரு தூக்குவாளி நிறையப் பலகாரம். என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம் மகன் எல்லாத்தையும் விவரமாச் சொன்னான்த்தா. எத்தனை உசிரு! நான் வேற யாருன்னு தெரியாம உன்னப் பாவின்னு ஏசிட்டேன். அத மனசுல வச்சுக்கிடாத" என்றார். எனக்கு நெஞ்சு லேசானது. சாமி இப்போது வீட்டிலேயே, ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கிறாராம்.

பேசிக்கொண்டே எழுந்தவர் கதவருகில் போய்த் திரும்பினார்.

"எங்க மாமனார் அப்ப ரெண்டு லிங்கமாச் செஞ்சு வாங்குனாக. ஒண்ணு எங்களுக்கு, ஒண்ணு எங்க கொழுந்தனாருக்கு. அதுவும் வேர்க்கத்தான் செய்யும். அவுக மகளுக்கு மலேசியாவுக்கு இங்கயிருந்துதானே அனுப்புனாக, முந்துன வருசம் சித்திரையில. நீதானே சீட்டுப் போட்டுக் கொடுத்த? அங்க போயிப் பிரிச்சா துணியெல்லாம் காஞ்சு கிடந்துச்சாம், வேர்த்ததெல்லாம் எங்குட்டுப் போச்சுன்னே தெரியலயாம். அதுல ஒண்ணும் வில்லங்கம் வராதுல்ல?"

"வராது ஆச்சி" என்றேன். அவர் நிம்மதியாகப் படியிறங்கிப் போனார்.

அது எந்த விமானம் என்று கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை. அந்தச் சீட்டின் நகல் எங்கள் ஆபீஸ் அலமாரியில் அந்த வருடச் சித்திரை மாதக் கட்டுக்குள் இருக்கும். எண்ணைப் பார்த்து அதே அதிகாரிக்கு ஒரு போன் போட்டால் போதும், அவர் மீதியைப் பார்த்துக்கொள்வார். அது ஒண்ணுதான் என்று நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தையும் அவர் அப்போது எடுத்துப் பார்ப்பார். ஆச்சி வந்துபோய் இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. அலமாரியை நான் இன்னும் திறக்கவில்லை.